எழும்போதே விழும் கணினி

1946-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அமெரிக்க தேசத்துப் பிலடெல்பியா நகரில் உள்ள பென்சில்வேனியா சர்வகலாசாலை உலகத்தாருக்கு அறிமுகப்படுத்திய எனியாக் என்னும் மாபெரும் கணிப்பு யந்திரத்தில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அந்த வால்வுகள் எப்பொழுது கெடுகின்றன என்று கவனித்துவந்த பொறியியலார், யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கெடுவதைக் காட்டிலும், அதை அணைத்துக் குளிரவிட்டு மறுபடி சூடேற்றும் வேளையிலேயே அவை மிகுதியாகக் கெடுகின்றன என்பதைக் கண்டு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை அணைக்காமல் வைத்திருப்பதே உத்தமம் என்ற முடிவுக்கு வந்தனர்.

வால்வுகளின் காலம் மலையேறிவிட்டது. அறை முழுவதும் நின்ற யந்திரம் மேஜைக்கடியில் ஒதுங்கும் பெட்டியாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் துவக்க வேளையே கணினிக்குச் சோதனை வேளை என்ற உண்மை மட்டும் இன்றளவும் மாறவில்லை. பித்தானை அழுத்துகிறோம், விசிறி சுழல்கிறது, கம்பெனியின் முத்திரை தோன்றுகிறது, அதன் கீழே புள்ளிகள் வட்டமிடத் தொடங்குகின்றன, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாம் உட்காருவதற்குள் திரை இருண்டு, மறுபடியும் முத்திரை, மறுபடியும் புள்ளிகள், மறுபடியும் இருள். வீட்டில் பிள்ளையின் பிராஜெக்ட் ரிப்போர்ட்டோ, டி.டி.பி. கடையில் மறுநாள் அச்சேற வேண்டிய கல்யாணப் பத்திரிகையோ, மளிகைக் கடையில் அந்த மாதத்து ஜி.எஸ்.டி. கணக்கோ உள்ளே அகப்பட்டுக் கிடக்க, வெளியே நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் இந்த அவஸ்தையை அநுபவித்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

இத்தகைய சமயத்தில் அக்கம்பக்கத்தாரிடமிருந்தும், சில வேளைகளில் பழுது பார்க்க வருபவரிடமிருந்தும்கூட, முதலில் பிறக்கும் யோசனை ஒன்று உண்டு: ‘ஃபார்மட் அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.’ வியாதி இன்னதென்று தெரியுமுன் வழங்கப்படும் இந்தச் சிகிச்சையால், குறை தீராமல் போவதோடு, உள்ளே இருந்த பொருளும் சேர்ந்து போய்விடுவது உண்டு. உண்மையில், துவக்கத்திலேயே விழும் கணினி தன் குறையைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதே எந்தப் பாகத்தில் தோஷம் என்பதற்குப் பெரும்பாலும் போதிய சாட்சியாகும். கை வைப்பதற்கு முன் கண் வைக்கவேண்டும் என்பதுதான் இந்த வித்தையின் முதற்பாடமும் முடிந்த பாடமும்.

துவக்கத்தின் படிகள்

பித்தானை அழுத்தியது முதல் மேஜைத் திரை தோன்றும் வரை கழியும் அந்த அரை நிமிஷத்துக்குள் என்னென்ன நிகழ்கின்றன என்பதைச் சற்றே அறிந்துகொள்வது பிரயோஜனமாக இருக்கும். முதலில் விழிப்பது, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்து வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. அது தன் மின்னழுத்தங்கள் நிலைப்பட்டுவிட்டன என்று தானே திருப்தியடைந்த பிறகு, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட நேரத்துக்குள், ‘மின்சாரம் சரி’ என்னும் சமிக்ஞை ஒன்றை மதர்போர்டுக்கு அனுப்புகிறது. அந்தச் சமிக்ஞை வந்தாலன்றி பிராஸஸர் ஓர் அடிகூட எடுத்துவைப்பதில்லை.

சமிக்ஞை கிடைத்ததும் பிராஸஸர், மதர்போர்டிலேயே ஒரு சிப்புக்குள் பதிந்து கிடக்கும் பயாஸ் என்ற சிறு நிரலை எடுத்து ஓட்டுகிறது. இப்போதைய கணினிகளில் அதன் ஸ்தானத்தில் யூ.இ.எஃப்.ஐ. என்ற புதியதொரு ஏற்பாடு அமர்ந்திருக்கிறது. அது ரேம், கிராபிக்ஸ், கீபோர்டு, டிஸ்க் முதலிய அங்கங்கள் யாவும் உயிரோடு இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, டிஸ்க்கிலிருந்து விண்டோஸின் துவக்கி நிரலைத் தேடி எடுத்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கிறது. துவக்கி நிரல் விண்டோஸின் கருவை ரேமில் ஏற்றுகிறது. கரு தன் பங்குக்கு, ஒவ்வொரு சாதனத்தோடும் பேசத் தெரிந்த டிரைவர்களை வரிசையாக அழைக்கிறது. அவற்றுக்குப் பின்னரே பாஸ்வேர்டு கேட்கும் திரை வருகிறது. இரவுக் காவலில் ஒரு ஜாமத்துக் காவலன் அடுத்த ஜாமத்தானைத் தட்டி எழுப்பிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்வதுபோல நடைபெறும் இந்தக் கைமாற்றத்தில், யாருடைய முறையில் விளக்கு அணைந்தது என்று தெரிந்துவிட்டால், விசாரிக்க வேண்டியவன் யார் என்பதும் தெரிந்துவிடும்.

ஆகவே, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, கணினியை இரண்டு மூன்று முறை விழவிட்டு, ஒவ்வொரு முறையும் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்க. முத்திரை தோன்றுவதற்கு முன்பே விழுந்தால் சந்தேகம் மின்சாரத்தின் மேலும், ரேமின் மேலும், பித்தானின் மேலும் செல்லும். முத்திரை வந்து, புள்ளிகள் சுழலும்போது விழுந்தால் டிஸ்க்கையும் விண்டோஸையும் டிரைவர்களையும் ஆராய வேண்டும். பாஸ்வேர்டு கொடுத்தபின் விழுந்தால், அந்த வேளையில் தானாகத் துவங்கும் நிரல்களையோ, வேலை கூடும்போது கூடும் உஷ்ணத்தையோ நாடவேண்டும். இவற்றோடு இன்னொரு குறிப்பும் அவசியம்: ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் ஒரே இடத்தில் விழுகிறதா, அல்லது ஒரு முறை இங்கும் ஒரு முறை அங்குமாக விழுகிறதா? ஒரே இடத்தில் விழுவது பெரும்பாலும் நிரலின் குறை. இடம் மாறி மாறி விழுவது பெரும்பாலும் சாதனத்தின் குறை. இது மீறவொண்ணாத விதியன்று என்றாலும், எந்தத் திசையில் முதலடி வைப்பது என்று நிர்ணயிக்க இதைவிடச் சுலபமான உபாயம் இல்லை.

இரண்டு எளிய பரீட்சைகள்

ஸ்குரூ டிரைவரைத் தொடாமலே செய்யக்கூடிய பரீட்சைகள் இரண்டு உண்டு. முதலாவது: கணினி எழும்போது டெலீட் அல்லது எஃப் 2 பித்தானை விடாது தட்டிக்கொண்டிருந்தால் பயாஸ் அமைப்புத் திரை திறக்கும், அந்தத் திரையிலேயே கணினியைக் கால் மணி நேரம் சும்மா விட்டுவிடவேண்டும். இந்தத் திரைக்கு டிஸ்க் வேண்டாம், விண்டோஸ் வேண்டாம், டிரைவர் எதுவும் வேண்டாம். இங்கேயும் கணினி விழுந்துவிடுமானால், விண்டோஸ் நிரபராதி என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஃபார்மட் செய்வதற்காகச் செலவாக இருந்த ஒரு நாளையும் பணத்தையும் இந்தக் கால் மணி நேரம் மிச்சப்படுத்திவிடுகிறது. பயாஸ் திரையின் ஒரு மூலையில் பிராஸஸரின் உஷ்ணமும் காட்டப்படுவது வழக்கம். அது ஓய்ந்திருக்கையிலேயே எண்பது, தொண்ணூறு டிகிரி என்று ஏறிக்கொண்டே போவதைக் கண்டால், குற்றவாளியையே நேரில் கண்டதற்குச் சமானம்.

இரண்டாவது பரீட்சை, வேறொரு கணினியில் தயார் செய்த உபுண்டு போன்ற லினக்ஸ் பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கணினியை எழுப்புவது. ‘டிரை’ என்ற வழியைத் தேர்ந்துகொண்டால் அது டிஸ்க்கில் எதையும் எழுதாமல், பென் டிரைவையும் ரேமையும் கொண்டே ஓடும். அவ்வாறு ஒரு மணி நேரம் தடையின்றி ஓடுமானால், எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, பிராஸஸர், ரேம் ஆகிய யாவும் ஏறக்குறையச் சுகமாகவே இருக்கின்றன என்றும், கோளாறு டிஸ்க்கிலோ விண்டோஸிலோ உள்ளதென்றும் கொள்ளலாம். இதில் மற்றொரு லாபமும் உண்டு: டிஸ்க் உயிரோடிருந்தால் அதிலுள்ள புகைப்படங்களையும் கணக்குகளையும் அப்போதே வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். பொருள் பத்திரமானபின் செய்யும் சிகிச்சையில் கை நடுங்குவதில்லை.

மின்சாரமும் உஷ்ணமும்

சாதனக் குறைகளில் முதலில் சந்தேகிக்கத்தக்கது மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ். வழங்கும் 12 வோல்ட் என்பது 11.4-க்குக் கீழும் 12.6-க்கு மேலும் போகலாகாது. 5 வோல்ட் என்பது 4.75-க்கும் 5.25-க்கும் இடையே நிற்கவேண்டும். ஐந்து சதவிகிதத்துக்கு மேற்பட்ட ஏற்றத்தாழ்வை இந்த நுட்பமான சிப்புகள் பொறுப்பதில்லை. கணினி எழும் சமயத்தில் டிஸ்க்கின் தட்டுகள் சுழலத் தொடங்குவதும், விசிறிகள் வேகமெடுப்பதும், பிராஸஸர் முழு முனைப்போடு வேலை செய்வதும் ஒருசேர நிகழ்வதால், ஓட்டத்தின்போது எப்படியோ சமாளித்துவிடும் கிழட்டு எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, துவக்கத்தில் மாத்திரம் மூச்சடைத்து நின்றுவிடுகிறது. வெயில் காலத்து லோ வோல்டேஜும், பேட்டரி தேய்ந்த யூ.பி.எஸ்ஸும் இந்தத் தொல்லையைப் பெருக்குகின்றன. யூ.பி.எஸ்ஸை விட்டுவிட்டு நேரே சுவர் பிளக்கில் செருகிப் பார்ப்பதும், நண்பரிடம் இரவல் வாங்கிய நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டிப் பார்ப்பதும் சுலபமான சோதனைகள். கணினியின் முகப்பிலுள்ள ரீசெட் பித்தான் அழுக்கேறி அழுந்தியபடியே சிக்கிக்கொண்டாலும், யந்திரம் எழுந்து எழுந்து விழக்கூடும் என்பதை அநேகர் நினைத்துப் பார்ப்பதில்லை. மதர்போர்டில் அதன் ஒயரைக் கழற்றிவிட்டாலே உண்மை புலப்பட்டுவிடும்.

ஓர் எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எவரும் திறக்கவேண்டாம். அதனுள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முந்நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைத்திருக்கும். அதைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக வாங்கிவிடுவதே விவேகம். ஆனால் மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களைக் கண்ணால் பார்ப்பதில் அபாயம் ஏதுமில்லை. சிறு உருளைகளாக நிற்கும் அவற்றின் தலை தட்டையாக இருக்கவேண்டும். உப்பியோ, பழுப்பான கசிவு வழிந்தோ காணப்பட்டால் அந்த மதர்போர்டின் ஆயுள் முடிகிறதென்று அறிக. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய வருஷங்களில், குறையுள்ள ரசாயனக் கலவையோடு தயாரான கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் மதர்போர்டுகளில் இடம்பெற்று, இவ்விதம் உப்பி வெடித்துப் பல கம்பெனிகளுக்குப் பெரும் நஷ்டத்தை விளைவித்தது தொழில் வட்டாரத்தில் பிரசித்தம்.

அடுத்தது உஷ்ணம். பிராஸஸரின் மேல் ஓர் அலுமினியக் கவசமும் அதன் மேல் ஒரு விசிறியும் அமர்ந்திருப்பதைப் பெட்டியைத் திறந்தவர்கள் பார்த்திருக்கலாம். இன்டெல் கம்பெனி பல வருஷங்களாகத் தன் பிராஸஸர்களோடு தரும் விசிறியின் நான்கு மூலைகளிலும் நான்கு பிளாஸ்டிக் முளைகள் இருக்கும்; அவற்றை அழுத்தினால் மதர்போர்டின் துளைகளில் ‘டிக்’ என்று பதியவேண்டும். பெட்டியை இடம் மாற்றும்போதோ, தூசி தட்டும்போதோ அவற்றில் ஒரு முளை வெளியே வந்துவிட்டால் போதும். கவசம் ஒரு பக்கம் தலைமயிரளவு தூக்கிக்கொள்ள, உஷ்ணம் கடத்தப்படாமல் பிராஸஸர் சில விநாடிகளிலேயே கொதித்து, தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தானே அணைந்துவிடும். பார்ப்பவர்க்கோ விசிறி நன்றாகச் சுழன்றுகொண்டிருப்பதாகவே தோன்றும். கவசத்துக்கும் பிராஸஸருக்கும் இடையே பூசப்பட்டிருக்கும் தெர்மல் பேஸ்ட் வருஷக்கணக்கில் காய்ந்து சுண்ணாம்புப் பொடியாகிவிட்டாலும் இதே கதிதான். பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதிய பேஸ்ட்டை வைத்து அழுத்துவதற்கு மேல் இதற்குச் சிகிச்சை இல்லை.

ரேம் என்னும் சஞ்சலபுத்தி

இடம் மாறி மாறி விழும் கணினிகளில், மின்சாரத்துக்கு அடுத்தபடி சந்தேகிக்க வேண்டியது ரேம். கூகுள் நிறுவனத்தின் கணினிகளில் உள்ள ரேம் பட்டைகளை ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டு டொரான்டோ சர்வகலாசாலை அறிஞரும் அந்நிறுவனத்தாரும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு வருஷத்துக்குள் எட்டு சதவிகிதத்துக்கு மேற்பட்ட பட்டைகளில் ஏதேனும் ஒரு பிழையாவது தென்பட்டது என்று கண்டறிந்தார்கள். அந்தக் கணினிகளில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் விசேஷ ரேம் இருந்தது. நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அந்தச் சலுகை இல்லை. எனவே ஒரு துளி மாறினாலும் விண்டோஸின் கரு திடுக்கிட்டு நின்றுவிடக்கூடும்.

ஆனால் ரேமே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன், அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நலம். மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, இரு முனைகளிலும் உள்ள பிடிகளை வெளிப்புறமாகத் தள்ளினால் ரேம் பட்டை மேலெழும்பும். அதன் கீழ் விளிம்பில் பொன்னிறத்தில் வரிசையாக மின்னவேண்டிய கால்கள், கடற்காற்று வீசும் ஊர்களிலும் சமையலறைப் புகை எட்டும் அறைகளிலும், கறுத்தும் மங்கியும் இருப்பதைக் காணலாம். சென்னை ரிச்சி தெருவில் பழுது பார்ப்போர் யாரும் இந்த நிலையில் ஆயுதம் எதையும் தேடுவதில்லை. மேஜை டிராயரிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரை எடுத்து, கால்களை ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரண்டு பிடிகளும் தாமாகவே மூடிக்கொள்ளும்வரை பட்டையை அழுத்திச் செருகிவிடுகிறார்கள். அழுத்தித் தேய்த்தால் பொன்பூச்சே போய்விடும் என்பதால் இதை மென்மையாகச் செய்யவேண்டும். அடிக்கடி செய்யவும் கூடாது. இரண்டு பட்டைகள் இருந்தால், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாட்டிப் பார்ப்பது உத்தமம். எதை மாட்டினால் விழுகிறதோ அதுவே குற்றவாளி. மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையில் பார்த்தால், ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிடும். அந்தச் சோதனையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அலட்சியம் செய்யலாகாது.

டிஸ்க்கும் ஒரு காசளவுப் பேட்டரியும்

புள்ளிகள் சுழலும் கட்டத்தில் விழுகிற கணினியின் அருகில் காதை வைத்துக் கேளுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்று ஒழுங்காக ஓர் ஓசை வருமானால், அதன் தலைப்பகுதி தேடும் இடத்தைக் காணாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். லட்சத்துக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு டிஸ்க்கின் பரப்பில் முதற்பிழை காணப்பட்டபின், அடுத்த 60 நாட்களுக்குள் அது அழியும் சாத்தியம், பிழையே காணாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஆதலால் டிஸ்க்கின் மேல் சந்தேகம் விழுந்துவிட்டால், செக்டிஸ்க் முதலான பழுதுநீக்கும் கட்டளைகளை ஓட்டுவதற்கு முன்பாகவே பிரதி எடுத்துக்கொள்ளவேண்டும். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் படிக்கச் சொல்லும் அந்தக் கட்டளையே அதற்கு எமனாகிவிடலாம். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும், மாற்றுவதற்குச் செலவு அதிகமில்லாத சாட்டா கேபிள் தளர்ந்திருப்பதாலும் இதே அறிகுறி தோன்றக்கூடும் என்பதால், அதையும் கழற்றி இறுக மாட்டிப் பார்க்கலாம்.

இங்கே அற்பமானதொரு பொருளைப் பற்றியும் சொல்லவேண்டும். மதர்போர்டில், பழைய எட்டணா நாணயம்போல வட்டமாக மின்னும் 3 வோல்ட் பேட்டரி ஒன்று பதிந்திருக்கும்; தேதி, நேரம், பயாஸ் அமைப்புகள் ஆகியவற்றை மின்சாரம் இல்லாத வேளையில் காப்பது அதன் கடமை. சில வருஷங்களில் அது தீர்ந்துபோனால் கணினியின் தேதி பல வருஷங்கள் பின்னோக்கிப் போய்விடுவதோடு, டிஸ்க்கோடு பேசும் முறை எது என்று நாம் வைத்திருந்த அமைப்பும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவது உண்டு. நேற்றுவரை ஒரு முறையில் டிஸ்க்கைப் படித்துவந்த விண்டோஸ், இன்று வேறு முறையில் அது நீட்டப்படுவதைக் கண்டு, ‘இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத் திரையில் முறையிட்டுவிட்டு விழுகிறது. அத்தகைய கணினியை ஃபார்மட் செய்தவர்கள் எத்தனை பேரோ! தேதி தவறியிருந்தால் முதலில் அந்தப் பேட்டரியை மாற்றி, பயாஸில் அமைப்பைச் சரிசெய்வதே போதுமானது.

நிரலின் குற்றம்

சாதனங்கள் யாவும் குற்றமற்றவை என்று தெரிந்தபின் எஞ்சுவது விண்டோஸும் அதன் டிரைவர்களும். இந்தக் கட்டத்தில் விழும் கணினி பெரும்பாலும் நீலத் திரையொன்றை (விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் கறுப்புத் திரையை) காட்டிவிட்டுத்தான் விழுகிறது. ஆனால் உடனே தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி அமைந்திருப்பதால், அதில் எழுதியிருப்பதைப் படிக்க நேரம் கிடைப்பதில்லை. கைப்பேசியில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்ப்பது ஓர் உபாயம். அதில் ஒரு டிரைவரின் பெயர் இருந்தால், குற்றப்பத்திரிகையே கைக்கு வந்தது எனலாம்.

இந்த வகைக் குறை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி உலகம் பிரத்தியட்சமாகக் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்குத் தன் ஃபால்கன் மென்பொருளுக்கு அனுப்பிய சிறியதொரு கோப்பு, கருவோடு சேர்ந்து ஓடும் அதன் டிரைவரைத் தடுமாறச் செய்தது. 20 அம்சங்களே கொடுக்கப்பட்டிருந்த இடத்தில் இல்லாத 21-ஆவது அம்சத்தைப் படிக்கப் புகுந்த அந்த டிரைவர், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைக்கவே, விண்டோஸ் நின்றது, மறுபடி எழுந்தது, எழும்போது முதலில் அழைக்கப்படுவோரில் அந்த டிரைவரும் ஒருவனாதலால் மறுபடியும் விழுந்தது. 78 நிமிஷங்களில் அந்தக் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களும் வங்கிகளும் ஆஸ்பத்திரிகளும் திகைத்தன. நம் நாட்டு விமான நிலையங்களிலும் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அவ்வளவு பெரிய வியாதிக்குக் கண்ட சிகிச்சை என்ன? கணினியைச் சேஃப் மோடில் எழுப்பி, டிரைவர்கள் இருக்கும் இடத்தில் குறிப்பிட்டதொரு கோப்பை மட்டும் நீக்கிவிட்டு, மறுபடி எழுப்புவது; அவ்வளவே. யாரும் ஃபார்மட் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அதை ஒவ்வொரு கணினியின் முன்னாலும் ஒருவர் உட்கார்ந்து செய்யவேண்டியிருந்ததாலும், டிஸ்க் பூட்டப்பட்டிருந்த கணினிகளில் பிட்லாக்கர் என்னும் அந்தப் பூட்டின் 48 இலக்கச் சாவியைத் தேட வேண்டியிருந்ததாலுமே நாட்கள் பல ஆயின.

நம் வீட்டுக் கணினிக்கும் அதே வழிதான். விண்டோஸ் 10, 11 ஆகியவை இரண்டு முறை தொடர்ந்து எழத் தவறினால், மூன்றாம் முறை பழுதுநீக்கும் திரையைத் தாமாகவே காட்டும். காட்டாவிட்டால், புள்ளிகள் சுழலும்போது பவர் பித்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைத்து, இதையே இரண்டு மூன்று முறை செய்து வரவழைக்கலாம். அதில் ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்’ என்று வரிசையாகப் போய் ரீஸ்டார்ட் செய்தால் வரும் பட்டியலில் 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோட் திறக்கும். 9-ஐ அழுத்தினால் தானாக ரீஸ்டார்ட் ஆவது நின்று நீலத் திரையை நிதானமாகப் படிக்கலாம். விண்டோஸ் 95 காலத்திலிருந்து வழங்கிவரும் இந்தச் சேஃப் மோட், அத்தியாவசியமான டிரைவர்களை மாத்திரம் அழைத்துக்கொண்டு எழுவது. இதில் கணினி நிலைத்து நின்றால், அழைக்கப்படாமல் விடுபட்ட ஏதோ ஒன்றே குற்றவாளி என்பது தெளிவு. அண்மையில் புதிதாக வந்தது எது என்று யோசித்து, அந்த டிரைவரையோ அப்டேட்டையோ ஆண்டிவைரஸையோ நீக்கவேண்டும். ‘சிஸ்டம் ரெஸ்டோர்’ மூலம் பத்து நாட்களுக்கு முந்திய நிலைக்குத் திருப்பினாலும் தகும். இவ்வளவும் செய்து பலிக்காவிட்டால் மட்டுமே, சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸை மாத்திரம் புதுப்பிக்கும் வழியையும், அதுவும் பலிக்காவிட்டால் ஃபார்மட்டையும் நாடலாம்.

ஒரு சமயத்தில் ஒன்று

மேலே கூறிய சோதனைகள் யாவற்றுக்கும் பொதுவாக ஒரு நியமம் உண்டு: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். ரேமைத் துடைத்து, பேட்டரியை மாற்றி, எஸ்.எம்.பி.எஸ்ஸையும் புதிதாகப் போட்டபின் கணினி எழுந்துவிட்டால் சந்தோஷமே. ஆனால் எதனால் எழுந்தது என்பது தெரியாது. ஒரு மாதம் கழித்து மறுபடி விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். கடைக்காரரிடம் கொண்டுபோகும்போதும் ‘ஓடவில்லை’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், எந்தக் கட்டத்தில் விழுகிறது, எப்போதிலிருந்து, அதற்குமுன் என்ன மாறியது என்ற மூன்றையும் எழுதிக்கொடுங்கள். ‘என் அனுமதியின்றி ஃபார்மட் செய்யவேண்டாம்’ என்ற வாக்கியத்தை அந்தத் தாளிலேயே சேர்த்து எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல தொழில்காரர் இதனால் கோபிக்கமாட்டார். அவருடைய வேலையில் பாதியை நீங்களே முடித்துக்கொடுத்திருக்கிறீர்கள்.

கணினியில் கெட்டுப்போகும் பாகம் எதுவாயினும் கடையில் கிடைக்கும். உள்ளே நாம் எழுதிச் சேர்த்து வைத்தது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆதலால் உங்கள் கணினி இன்று ஒழுங்காக எழுந்து நிற்குமானால், இதைப் படித்து முடித்த கையோடு இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள்: முக்கியமான கோப்புகளுக்கு வெளி டிஸ்க் ஒன்றில் ஒரு பிரதி, பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்கச் சாவிக்குக் காகிதத்தில் ஒரு பிரதி.